சுயக்கட்டுப்பாடு: இல்லை

ஊரில் பிள்ளைகள் ஒழுங்காக இருந்துவிட்டால் பட்டினி கிடக்க வேண்டிய உத்தியோகம் என்னுடையது. சர்க்கார் வைத்த பெயர் நன்னடத்தை அதிகாரி. பெயரில்தான் நன்னடத்தை, மேஜைக்கு வருவதெல்லாம் மற்றது. பதினாறு வயது நிரம்பாத பையன் போலீசில் மாட்டினால், கோர்ட்டு எங்களைக் கேட்கும்: வீடு எப்படி, பெற்றவர்கள் எப்படி, பையனின் குணம் எப்படி, வீட்டோடு விடலாமா, இல்லை பதினெட்டு வயது வரை சர்க்கார் நடத்தும் சிறுவர் ஹோமில் வைக்க வேண்டுமா? நாங்கள் நேரில் போய்ப் பார்த்து நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குடும்பம் பதினான்கு வருடமாகக் கட்டிக் காத்த ரகசியத்தை ஒரு மத்தியான வேளையில் தெரிந்துகொள்ளலாம் என்பது சர்க்காரின் நம்பிக்கை.

வாழ்நாளில் ஒரு தடவையாவது இன்னொருவரைப் பற்றி 'நல்லவன்', 'தேறமாட்டான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் என் இனம். வாத்தியார்கள், சூப்பர்வைசர்கள், மாப்பிள்ளை பற்றி விசாரித்துச் சொன்ன மாமாக்கள் யாருக்கும் விலக்கு இல்லை. உங்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும். 1991-ம் வருடம், எனக்கு முப்பத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூரில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு வாடகை அலுவலகம், ஒரு டைப்ரைட்டர், ஒரு குமாஸ்தா, உதைத்தாலும் கிளம்பாத ஒரு மொபெட். அந்த வருடம் முழுக்க எத்தனையோ பையன்கள் வந்து போனார்கள். ஒருவன் மட்டும் என்னை அசடாக்கிவிட்டுப் போனான். அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நர்சம்மா

பிள்ளைப்பாக்கத்துக்கு முதல் தடவை போனபோது என்னைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காட்டன் புடவை, தோளில் பை, கையில் ஃபைல் என்று எவள் வந்தாலும் அவள் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ்தான். அந்தப் பக்கம் அப்போதுதான் வயல்களுக்கு நடுவில் மனைக்கல் நட ஆரம்பித்திருந்தார்கள். அதனால் சைக்கிளில் வந்த ஒருவர், "ப்ளாட் பாக்க வந்தீங்களாம்மா? கார்னர் ஒண்ணு கீது" என்று என்னை வேறு சாதியில் சேர்த்தார். நான் தேடிப் போனது ஏழுமலை என்ற பதினான்கு வயதுப் பையனின் வீட்டை. ஒரே வருடத்தில் ஐந்து புகார்கள்: கம்பெனி பஸ் கண்ணாடி உடைத்தது, வாட்ச்மேனின் சைக்கிளை எடுத்துப் போய் ஏரியில் தள்ளியது, டீக்கடையில் ஒருவன் மண்டையை உடைத்தது, கொடவுனில் செப்புக் கம்பி திருடியது, கடைசியாக மனைக்கற்கள் பதினொன்றைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டது.

அவன் அம்மா காசியம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பையன் வாசற்படியில் உட்கார்ந்து நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான், மாடு பார்த்துக்கொள்கிறான். பரவாயில்லையே, மரியாதையாகப் பேசுகிறானே என்று நினைத்த நேரத்தில், ரோட்டுப் பக்கத்து வார்ப்பட ஃபேக்டரியில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. காசியம்மாள் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவன் தோளில் போட்டாள். அவன் எழுந்து, என்னை ஒரு பார்வை கூடப் பார்க்காமல், தெருவில் இறங்கிப் போயேவிட்டான். நான்காவது கேள்வி என் வாயிலேயே நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே எழுதினேன்: 'விசாரணையின் பாதியில் எழுந்து சென்றான். ஒத்துழைப்பு இல்லை.' நான் கிளம்பும்போது காசியம்மாள் தெருமுனையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவங்க அப்பா வர நேரம். கேட்டா டீச்சருன்னு சொல்லிடறேன், நீயும் அப்டியே சொல்லிடும்மா."

பத்தொன்பதாம் கட்டம்

எங்கள் அறிக்கைக்கு ஒரு படிவம் உண்டு. பெயர், சாதி, வீட்டின் கூரை ஓலையா ஓடா என்பதில் தொடங்கி வரிசையாகக் கட்டங்கள். பத்தொன்பதாவது கட்டம், 'சுயக்கட்டுப்பாடு'. எதிரே எழுத ஒரு அங்குலம் இடம். ஒருவன் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறானா இல்லையா என்பதை அந்த ஒரு அங்குலத்தில் சொல்லிவிட வேண்டும்.

குமாஸ்தா சாரங்கன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். அவருடைய குடும்பத்தில் மற்ற எல்லோரும் கோயில் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் சர்க்கார் கைங்கரியத்துக்கு வந்தவர். வேலையில் சுறுசுறுப்பு. ஓய்வான நாட்களில் ஐம்பது படிவங்களை எடுத்து, எப்போதும் ஒரே பதில் வரும் கட்டங்களை முன்கூட்டியே டைப் அடித்து அடுக்கி வைத்துவிடுவார். மாவட்டத்தின் பெயர், அலுவலக முகவரி, என் பதவி, அப்புறம் பத்தொன்பதாம் கட்டத்தில் 'இல்லை'. இது எனக்கு முன்னால் இருந்த அதிகாரி காலத்திலிருந்து நடக்கும் ஏற்பாடு. ஏழுமலையின் அறிக்கையும் அப்படித்தான் கோர்ட்டுக்குப் போனது. அது போன பிறகுதான், வேறு எதற்கோ காகிதம் தேடி அலமாரியைத் திறந்தபோது, வெள்ளைப் படிவங்களில் அந்த 'இல்லை' மட்டும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இன்னும் பார்க்காத, பிடிபடாத பையன்களுக்கெல்லாம் தயாராக ஒரு 'இல்லை'. சத்தம் போட்டேன். சாரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, என் அறியாமைக்கு வருந்துகிற குரலில் சொன்னார்: "கட்டுப்பாடு இருந்தா அவன் இங்க ஏன் மேடம் வரப்போறான்?"

மெட்ராஸில் மூன்று நாள்

அந்த மாதமே எங்களையெல்லாம் மெட்ராஸுக்கு வரவழைத்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பேராசிரியர் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டார். முதல் வட்டம், சின்ன வயதில் பட்ட காயம். இரண்டாவது, சுயக்கட்டுப்பாடு. மூன்றாவது, குற்றம். முதலாவது பெரிதானால் இரண்டாவது சிறிதாகும், இரண்டாவது சிறிதானால் மூன்றாவது பெரிதாகும் என்று அம்புக்குறி போட்டு விளக்கினார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். அடிபட்ட குழந்தைக்கு உலகமே அடுத்த அடியாகத் தெரியும், யோசித்து நடக்க அதற்கு நேரம் இருக்காது என்று அவர் சொன்னபோது நான் அதை நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டேன். என் அறிக்கையை நினைத்துக்கொண்டேன். 'சின்ன வயதில் பட்ட காயம்' என்று ஒரு கட்டமே அதில் கிடையாது. காயத்தைக் கேட்காமல் கட்டுப்பாட்டை மட்டும் கேட்கிற படிவம்.

ஆனால் அந்த அம்புக்குறிதான் எனக்கு ஒட்டவில்லை. எழுந்து கேட்டேன். "சார், அடிபட்ட பிள்ளைகள் எல்லோரும் கல்லெடுத்து எறிவதில்லையே? இரண்டாவது வட்டம் சிலருக்குப் பெரிதாகவும் ஆகுமா?" பேராசிரியர், நல்ல கேள்வி என்று சொல்லி மணியைப் பார்த்தார். டீ வந்துவிட்டது. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்த பக்கத்து நாற்காலி அதிகாரி, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே என் காதோரம் சொன்னார்: "எங்க ஹெட்மாஸ்டர் குடுத்த அடிக்கு நான் இந்நேரம் பேங்க் கொள்ளை அடிச்சிருக்கணும்மா, நம்ம டிபார்ட்மெண்டுல வந்து சேந்தேன் பாரு."

ஏட்டையாவின் புகார்ப் பட்டியல்

கோர்ட்டில் அடுத்த வாய்தாவுக்கு ஆறு வாரம் இருந்தது. அறிக்கையில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும், என்ன ஓட்டை என்பதுதான் தெரியவில்லை. சரி, ஐந்து புகாரையும் முழுசாகவாவது படிப்போம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டையா தொப்பை சரிந்த, சிரித்த முகம் கொண்டவர். பையன்கள் மேல் அவருக்குப் பகை ஏதும் இல்லை. மழை, வெயில் போல அவர்களும் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல நான் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டேன். பஸ் கண்ணாடி, மத்தியானம் மூன்று மணி. சைக்கிள், காலை பத்தரை. டீக்கடை, சாயங்காலம் ஐந்து. செப்புக் கம்பி, காலை பதினொன்று. மனைக்கல், சாயங்காலம் நான்கு. எனக்கே எரிச்சலாக வந்தது. "இவனுக்கு நேரங்காலமே கிடையாதா சார்? ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் சாயங்காலம்?" என்று கேட்டேன். ஏட்டையா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். அந்தப் பக்கம் எல்லாமே ஃபேக்டரியைக் கொண்டே அளக்கப்பட்டு வந்த காலம் அது. கல்யாண முகூர்த்தம் கூட ஓவர்டைம் பார்த்துத்தான் வைத்தார்கள். அவர் அதே பழக்கத்தில், வேடிக்கையாகத்தான் சொன்னார்: "கம்பெனிக்காரன் மாதிரி ஷிப்ட் போட்டுகினு தப்பு பண்றான் மேடம் அவன்."

டைம் ஆபீஸ்

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். மொபெட்டில் பாதி வழி வந்த பிறகு சிரிப்பு நின்றது. ஏழுமலையின் அப்பா முனுசாமி வேலை செய்வது அந்த வார்ப்பட ஃபேக்டரியில். ஒரு வாரம் காலை ஆறு முதல் மத்தியானம் இரண்டு வரை, மறுவாரம் இரண்டு முதல் இரவு பத்து வரை. மறுநாள் டைம் ஆபீசில் போய் உட்கார்ந்து, அவருடைய ஷிப்ட் தேதிகளை வாங்கி என் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மத்தியான, சாயங்காலத் தப்புகள் மூன்றும் அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்த வாரங்கள். காலைத் தப்புகள் இரண்டும் அப்பா இரண்டாம் ஷிப்டுக்காக வீட்டில் காத்திருந்த வாரங்கள். அப்பா ஃபேக்டரிக்குள் இருந்த நேரத்தில் பையன் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை.

முனுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கோபப்படத் தயாராக இருந்தேன். வந்தவரைப் பார்த்தால் முடியவில்லை. உலையின் அனல் பட்டுப் பட்டு முழங்கை வரை புள்ளி புள்ளியாகத் தழும்பு, ஒடுங்கிய உடம்பு, உட்காரச் சொல்லியும் உட்காராத பணிவு. எனக்கு டீ சொல்லி, ஆறிவிடும் என்று இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். எட்டு வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை என்று டைம் ஆபீஸ்காரரே சொன்னார். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினாலும் இவர் தலை நிமிராதாம். பையனை அடிப்பீர்களா என்று நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். எட்டு மணி நேரம் அடக்கிவைத்த கையை அவர் எங்கே கொண்டுபோய் அவிழ்க்கிறார் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. பெருமையோடு முடித்தார்: "எங்கப்பன் என்ன புளிய மிளாறால அடிச்சே வளத்தான்மா, நான் இன்னா கெட்டா பூட்டேன், பர்மனண்ட் ஆவல?"

ஏரிக்கரை

அடுத்த வாரம் முனுசாமிக்கு இரண்டாம் ஷிப்ட். அப்படியானால் காலையில் பையன் வெளியில்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டு ஏரிக்கரைக்குப் போனேன். இருந்தான். ஏரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லைத் தண்ணீர் மேல் தத்த விட்டுக்கொண்டிருந்தான். அவனை உத்தமன் ஆக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. செப்புக் கம்பி விற்ற காசில் படப்பைக்குப் போய் சினிமா பார்த்து பரோட்டா தின்றவன்தான். அன்றைக்கும் என்னிடம் இரண்டு பொய் சொன்னான். நான் இரண்டு பட்டியலையும் எடுத்து அவன் மடியில் வைத்து, எந்த வாரம் என்ன என்று விரலால் காட்டினேன். அவன் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தான். "இத்த யாரு சொன்னாங்க?" என்றான். யாரும் சொல்லவில்லை என்றேன்.

பிறகு அவனாகவே பேசினான். ஆறு வயதில் ஒரு எருமைக் கன்றைத் தொலைத்துவிட்டான். அப்பா அந்தக் கன்றின் கயிற்றாலேயே அவனை அதே முளையில் கட்டிவிட்டார், பொழுது சாயும் வரை. தெருப் பிள்ளைகள் வந்து வந்து பார்த்தார்கள். ஒருவன் வைக்கோல் கொண்டுவந்து போட்டான். அவிழ்க்க வந்த அம்மாவுக்கும் விழுந்தது. இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. போன வருடம் ஒரு நாள் அப்பா ஓங்கிய கையைப் பிடித்திருக்கிறான். கை நின்றுவிட்டது. அப்பாவை விடத் தனக்குப் பலம் வந்துவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். மறுநாள் மத்தியானம் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இவன் கையில் கடப்பாரை. "எப்ப எடுத்தேன்னே தெரியல மேடம்." அதைச் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்துவிட்டு ரோட்டுக்கு ஓடினான். வந்த பஸ்ஸின் மேல் கல் விட்டான். முதல் புகார் அதுதான்.

அன்று முதல் அப்பா வீட்டில் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவன் வெளியே. சங்கு ஊதினால் அம்மாவே சட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவாளாம். பாதி விசாரணையில் எழுந்து போனான் என்று நான் எழுதியது அந்தச் சட்டையைத்தான். பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு வருடமாகத் தன்னைத்தானே வீட்டிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறான். நான் அதற்குக் கட்டுப்பாடு 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "கல்லு விடாம சும்மா வெளியில் இருக்கலாமே?" என்று அதிகாரியாகவே கேட்டுவைத்தேன். "கை அடங்கல மேடம், எதுனா ஒடஞ்சாதான் அடங்குது" என்றவன், நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, சமாதானம் சொல்வது போலச் சொன்னான்: "அவரு வூட்ல கீறப்ப நான் வெளிய இருந்தா ரெண்டு பேரும் உயிரோட இருப்போம்."

இரண்டாம் அறிக்கை

அந்த வாரமே உட்கார்ந்து புதிதாக அறிக்கை எழுதினேன். இப்போது பயம் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. ஹோமுக்கு அனுப்பினால், அடக்கிக்கொண்டதற்காக நான்கு வருடம் உள்ளே. வீட்டோடு விட்டால், என்றைக்கோ ஒரு நாள் சங்கு ஊதும் நேரத்தில் அம்மா கொல்லைப்புறத்தில் இருப்பாள், சட்டையை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. அன்றைக்கு வருகிற புகாரை ஏட்டையா சிரித்துக்கொண்டு எழுத முடியாது. இரண்டையும் அப்படியே எழுதினேன். தாயாரோடு வேறு இடத்தில் இருக்க அனுமதிக்கலாம் என்று சிபாரிசு செய்தேன். காசியம்மாளின் தங்கை படப்பையில் இருந்தாள், நான் போய்க் கேட்டதில் ஒரு அறை கொடுக்கச் சம்மதித்திருந்தாள். பத்தொன்பதாம் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

சாரங்கன் அதைப் படித்தார். கன்றுக்குட்டிக் கயிறு வரும் பக்கத்தில் நிறுத்தி, "பெருமாளே" என்றார். டைப் அடிக்க உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து வந்தார். ஒரே அதிகாரி, ஒரே பையன், இரண்டு மாதத்தில் இரண்டு அறிக்கை. இதற்கு எனக்கு மெமோ வரலாம், அதைவிட மோசமாக, கோர்ட்டு இரண்டையுமே நம்பாமல் போகலாம் என்றார். அவர் சொன்னது நியாயம். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அதிகாரி ஒத்துக்கொள்ளும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் போகிறேன் என்றேன். அவர் கார்பன் தாளைச் சொருகினார். பிறகு, நிஜமான கவலையோடு கேட்டார்: "முன்னாடி இல்லைன்னீங்க, இப்ப இருக்குன்னா நடுவுல எங்க போய் வாங்கிட்டு வந்தான்னு கேட்டா என்ன மேடம் சொல்லுவீங்க?"

வாய்தா

கேட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் அம்மாள் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் பத்தொன்பதாம் கட்டத்தைத் தொட்டு, இதில் எது உண்மை என்றார். முதலாவதை நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். என் காது சுட்டது. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு ஷிப்ட் பட்டியலை எடுத்துப் படித்தார். முனுசாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பெத்த புள்ளைய அடிக்கறது தப்பான்னு தெரியலம்மா. அந்தக் கடப்பார சமாச்சாரம் எனுக்குத் தெரியாது" என்றார். மகன் பக்கம் திரும்பிப் பார்க்காமல், தன் பின்னந்தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். அவர் மேல் எனக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது அப்போதுதான்.

காசியம்மாளின் முறை வந்தது. படப்பைக்குப் போய்ப் பிள்ளையோடு இருப்பாயா, புருஷனைத் தனியாக விட்டு இருக்க முடியுமா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். முடியும் என்று தலையாட்டினாள். எருமையை என்ன செய்வாய் என்றதற்கு, அதையும் ஓட்டிக்கொண்டு போவேன் என்றாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்பார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. இவள் சொன்னாள். கோபமாக இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை உண்டா என்று கேட்கிற குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "சின்னப் பசங்களுக்கு ஹோம் கட்டி வெச்சிகீறீங்க, பெரியவங்கள வெக்கறதுக்கு ஒண்ணும் கட்டலியாம்மா?"

சனிக்கிழமை

உத்தரவு கிடைத்தது. ஏழுமலை தாயாரின் பொறுப்பில் படப்பையில் இருக்க வேண்டும், ஒரு வருடம் என் மேற்பார்வையில், சனிக்கிழமைதோறும் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அவன் மேல் கை வைக்கக் கூடாது. படப்பைப் பள்ளிக்கூடத்தில் மறுபடி ஏழாம் வகுப்பு சேர்ந்தான், தன்னை விட ஒரு சாண் குட்டையான பிள்ளைகளோடு. முதல் மாதத்திலேயே ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து, ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவனே ஒத்துக்கொண்டான். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை என்பதை உங்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது சனிக்கிழமை, மாடி வராந்தாவில், என் மேஜைக்கு நேரே தெரியும் எங்கள் பெஞ்சில் முனுசாமி உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. முதல் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என்ன விஷயம் என்றால், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றார். அவரைப் போகச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் படிக்கட்டில் ஏழுமலையும் காசியம்மாளும் ஏறி வந்துவிட்டார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்படியே திரும்பி நான்கு படி இறங்கினான். முனுசாமி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். காசியம்மாள் இந்தத் தடவை பிள்ளையைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் சாரங்கனின் டைப்ரைட்டர் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லாததால், நல்ல வேளையாக, உட்கார்ந்தே இருந்தேன்.

அவன் படியிலேயே நின்றான். தெருவில் இரண்டு பஸ் போயின. பிறகு ஏறி வந்தான். நேராக என் மேஜைக்கு வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டான். வழக்கமாகப் போட்டதும் ஓடிவிடுவான், அன்றைக்கு நின்றான். அப்பாவிடம் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் வராந்தாவுக்குக் கேட்கும்படி: "அவரு அந்தாண்ட கோடில குந்தட்டும் மேடம், நான் இந்தாண்ட கோடில குந்திக்கிறேன்."

எங்கள் பெஞ்சு மூன்றே முக்கால் அடிதான் என்பதால், இன்னும் நீளமான பெஞ்சு ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். அந்த வருடம் நான் எழுதிய அறிக்கைகளிலேயே திருத்த வேண்டியிராதது அது ஒன்றுதான்.